நூற்றுக்கு நூறும், நூறாவது பிள்ளையும்



சென்ற கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து நான் வெளியே வந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த தகப்பனார் ஒருவர் தம் மகளோடு வேப்பமரத்தடியில் காத்திருந்தார். அவர் கையில் மூன்று பள்ளிக்கூடங்களின் விளம்பரத் தாள்கள் இருந்தன. மூன்றிலும் "100 சதவீதத் தேர்ச்சி" என்று சிவப்பு எழுத்தில் அச்சாகியிருந்தது.

"சாமி, பாப்பா எட்டாவது முடிச்சிட்டா. ஒன்பதாவதுக்கு எதுல சேக்கறது? மூணுலயும் நூத்துக்கு நூறுன்னுதான் போட்டிருக்காங்க. நீங்களே ஒண்ணக் காட்டிவிடுங்க" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க, விசாரிச்சுச் சொல்றேன்" என்று அனுப்பிவைத்தேன். அவருக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வராததற்கு வேறொரு காரணமும் உண்டு. அதைப் பின்னால் சொல்லுகிறேன். ஆனால் அவர் கேட்ட கேள்வி ஒரு குடும்பத்தின் கேள்வி மட்டுமன்று. ஒரு பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம் என்பதை எதைக் கொண்டு அறிவது? பிள்ளை அங்கே மெய்யாகவே கற்றுக்கொள்ளுகிறதா என்பதை எதைக் கொண்டு தீர்மானிப்பது? பிள்ளைகளைப் பெற்றவர்களும், பிள்ளைகளின் ஆத்துமங்களுக்குக் கணக்குக் கொடுக்கவேண்டிய என்னைப் போன்றவர்களும் இதைச் சற்று அமைதியாக ஆலோசிப்பது நன்று.

நம் ஜில்லாக்களின் பெருமை

முதலாவது, நன்றியறிதலோடு ஒன்றைச் சொல்லவேண்டும். பெரம்பலூரும் அரியலூரும் நெடுங்காலம் பின்தங்கிய பகுதிகள் என்று பெயர் வாங்கியவை. மானாவாரிக் காடு, பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். மழை தவறினால் கடன். கடன் முற்றினால் வெளிநாட்டுக் கூலி வேலை. இதுவே பல குடும்பங்களின் சரித்திரம். அப்படிப்பட்ட இந்த மண்ணில், 2023-ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் பெரம்பலூர் ஜில்லா 97.67 சதவீதத் தேர்ச்சி பெற்றுத் தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் நின்றது. 2024-ல் அதே தேர்வில் அரியலூர் ஜில்லா 97.31 சதவீதத்துடன் முதலிடம் பெற்றது. 2025-ல் பன்னிரண்டாம் வகுப்பில் மறுபடியும் அரியலூரே முதல்: 98.82 சதவீதம். அவ்வருஷம் தமிழ்நாடு முழுமைக்கும் சராசரி 95.03.

இது சாமானியக் காரியமல்ல. களை எடுக்கப்போன தாய், தன் மகள் எழுதும் மேசைக்கு விளக்கை வாங்கிவைத்திருக்கிறாள். பள்ளி விட்ட பிறகும் வீட்டுக்குப் போகாமல் பிள்ளைகளோடு உட்கார்ந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இவர்களை மறந்துவிட்டுக் குறை சொல்லத் தொடங்குகிறவன் நன்றிகெட்டவன். இன்று குரும்பலூரிலேயே அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது; நம் பெண்பிள்ளைகள் அங்கே நடந்து போவதைக் காணும்போது என் மனம் மெத்தச் சந்தோஷப்படுகிறது.

ஆயினும் சதவீதம் என்பது என்ன என்பதை நாம் கவனிக்கவேண்டும். தேர்வு எழுதியவர்களில் எத்தனைபேர் தேறினார்கள் என்பதே அந்தக் கணக்கு. தேர்வு எழுதுமுன்னே பள்ளியை விட்டுப் போனவன் அதில் இல்லை. போகும்படி செய்யப்பட்டவனும் அதில் இல்லை. தொண்ணூறு பிள்ளைகளை எழுதவைத்துத் தொண்ணூறையும் தேறவைத்தால் அதுவும் நூறு சதவீதமே. நூறு பிள்ளைகளாய்ச் சேர்ந்தவர்களில் மீதிப் பத்துப்பேர் எங்கே என்று அந்தக் கணக்கு கேளாது. எந்த ஜில்லாவையும் எந்தப் பள்ளியையும் மனதில் வைத்து இதை எழுதவில்லை. கணக்கின் தன்மை இதுவென்று மட்டும் சொல்லுகிறேன்.

மேலும், தேர்ச்சியும் கல்வியும் ஒன்றல்ல. மதிப்பெண்ணின்மேல் உண்டான ஆசை கல்வியையே விழுங்கிவிடக்கூடும் என்பதற்கு நம் நாட்டிலேயே அத்தாட்சி உண்டு. பல தனியார் பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவைத்துவிட்டு, இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே மனப்பாடம் பண்ணுவித்தார்கள். இதைத் தடுக்கவே அரசாங்கம் பதினோராம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு ஏற்படுத்தி, 2018 மார்ச்சு மாதம் முதன்முறை நடத்திற்று. பிறகு 2025-ல் வந்த மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வைக் கைவிட்டது. இப்படியே, முதலிடம் இரண்டாமிடம் என்று மாணாக்கரின் பெயர்களை அறிவிக்கும் வழக்கத்தையும் 2017-ல் நிறுத்தினார்கள். ஆனாலும் கடைவீதியில் தொங்கும் விளம்பரத் தட்டிகள் நின்றுபோயினவா? சட்டத்தை ஒரு நாளில் மாற்றலாம். பள்ளிகளின் மனப்போக்கு அப்படி ஒரு நாளில் மாறுகிறதில்லை.

பள்ளியின் காற்று

அந்த மனப்போக்கைத்தான் இக்காலத்தவர் பள்ளிப் பண்பாடு என்கிறார்கள். அதற்கு நம் ஊரிலேயே ஓர் உவமை இருக்கிறது.

வெங்காயம் அறுத்து விலை வரும்வரைக்கும் பட்டறை போட்டு வைக்கிறீர்கள். பட்டறையை வெறும் தரையிலே போடுவீர்களா? மாட்டீர்கள். தரையைவிட்டுச் சற்று உயர்த்தி, பக்கங்களில் இடைவெளி விட்டுக் குச்சியோ மூங்கிலோ வைத்து, மேலே கூரை வேய்ந்து, காற்று உள்ளே புகுந்து வெளியே போகும்படி செய்கிறீர்கள். வெங்காயம் எவ்வளவு தரமானதாயினும், காற்று ஓடாவிட்டால் புழுங்கி அழுகிப்போகும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

பள்ளிக்கூடத்துக்கும் இப்படி ஒரு காற்று உண்டு. பாடப்புத்தகத்திலும் கால அட்டவணையிலும் அது எழுதப்பட்டிராது. ஆசிரியர் வகுப்புக்குள் எந்த முகத்தோடு நுழைகிறார்? தவறாக விடை சொன்ன பிள்ளைக்கு என்ன நேரிடுகிறது? கடைசி பெஞ்சில் யார் உட்காருகிறார்கள், ஏன் எப்போதும் அவர்களே உட்காருகிறார்கள்? கழிப்பறை சுத்தமாயிருக்கிறதா, அதைக் கழுவ யார் அனுப்பப்படுகிறார்கள்? ஒரு பிள்ளை எழுந்து "எனக்குப் புரியவில்லை" என்று சொன்னால் மற்றவர்கள் சிரிக்கிறார்களா, அல்லது "எனக்கும்தான்" என்கிறார்களா? இவை எல்லாம் சேர்ந்ததே பள்ளியின் காற்று. இதில் நான் கடைசியாகச் சொன்னதே எல்லாவற்றிற்கும் உரைகல் என்பது என் எண்ணம்.

இது வெறும் உபதேசியாரின் பேச்சு என்று சிலர் நினைக்கலாம். ஆகையால் ஆராய்ந்தவர்கள் கண்டதையும் கேளுங்கள். 1966-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஏறத்தாழ 6 லட்சம் மாணாக்கரைச் சோதித்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பிள்ளை படிப்பதும் படியாததும் பெரும்பாலும் அது பிறந்த வீட்டைப் பொறுத்தது. பள்ளிகளுக்கிடையே உள்ள பணவசதியின் வித்தியாசம் அவ்வளவாகக் காரணமல்ல என்பது அதன் சாரம். அப்படியானால் ஏழை வீட்டுப் பிள்ளையின் கதி என்ன என்ற கேள்வி எழுந்தது.

அதற்கு ஒருவாறு பதிலாக, 1979-ல் மைக்கேல் ரட்டர் என்னும் ஆங்கிலேய வைத்தியரும் அவரோடு உழைத்தவர்களும் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். லண்டன் நகரின் ஏழைப் பகுதிகளிலுள்ள 12 உயர்நிலைப் பள்ளிகளை அவர்கள் வருஷக்கணக்காய்க் கவனித்திருந்தார்கள். ஒரு பிள்ளை பள்ளியில் சேர்ந்தது முதல் வெளியேறும்வரை ஏறக்குறைய பதினையாயிரம் மணி நேரம் அங்கே செலவிடுகிறது என்று கணக்கிட்டு, அதையே புத்தகத்துக்குப் பெயராக வைத்தார்கள். அவர்கள் கண்டது யாதெனில், ஒரே விதமான ஏழை வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் ஒரு பள்ளியில் நன்றாய்ப் படித்து ஒழுங்காய் நடக்கிறார்கள், அடுத்த பள்ளியில் அப்படியில்லை. கட்டடம் புதிதா பழையதா, பெரிதா சிறிதா என்பதால் இந்த வித்தியாசம் உண்டாகவில்லை. ஆசிரியர் மணியடித்தவுடன் பாடத்தைத் தொடங்குகிறாரா, வீட்டுப்பாடம் கொடுத்துத் திருத்திப் பார்க்கிறாரா, நன்றாய்ச் செய்ததைப் பாராட்டுகிறாரா, பிள்ளைகள் தங்கள் கஷ்டத்தைச் சொல்ல வந்தால் காதுகொடுக்கிறாரா, பிள்ளைகளுக்குப் பொறுப்புகள் கொடுக்கப்படுகின்றனவா என்பவற்றால் உண்டாயிற்று. நான் காற்று என்று சொன்னதும் இதுவே.

அர்ச்சியசிஷ்டவர்கள் அறிந்தது

திருச்சபையின் வேதபாரகர்கள் இதை வெகு காலத்துக்கு முன்னமே அறிந்திருந்தார்கள். அர்ச். அகுஸ்தீன் நான்காம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவின் வடபகுதியில் தகாஸ்தே என்னும் சிற்றூரில் பிறந்தவர். தம் பிள்ளைப் பிராயத்தைப் பற்றி அவர் தம்முடைய பாவசங்கீர்த்தன நூலில் சொல்லியிருப்பதை நம்மில் ஒவ்வொரு தாய் தகப்பனும் அறியவேண்டும். பள்ளியில் அடிபடக்கூடாதென்று சர்வேசுரனை நோக்கி அழுது வேண்டிக்கொண்டாராம். அவர் அடிவாங்கி வந்ததைக் கண்டு பெரியவர்களும், அவர்மேல் அன்புள்ள பெற்றோரும்கூடச் சிரித்தார்களாம். அன்றியும், லத்தீன் பாஷையைத் தாதிமார் மடியில் விளையாட்டும் கொஞ்சலுமாய்ப் பயமில்லாமல் கற்றுக்கொண்டதாகவும், கிரேக்க பாஷையைப் பயமுறுத்திக் கற்பித்தபடியால் அதை வெறுத்ததாகவும் சொல்லுகிறார். கற்பதற்குப் பயமுள்ள கட்டாயத்தைவிடச் சுயாதீனமான ஆவல்தான் அதிக பலமுள்ளது என்று அதிலிருந்து அவர் தீர்மானித்தார். அவரைப்போல் கூர்மையான புத்தியுள்ளவர்கள் எத்தனைபேர்? அந்தப் புத்தியையும் பயம் ஒரு பாஷைக்கு வெளியே நிறுத்திவிட்டது.

இதற்குக் காரணம் என்ன? அர்ச். அக்குவினாஸ் தோமையார் ஆசிரியரை வைத்தியருக்கு ஒப்பிடுகிறார். வைத்தியர் மருந்து கொடுக்கிறார். ஆனால் உடம்பின் இயல்பே நோயைத் தீர்க்கிறது. அவ்வாறே ஆசிரியர் எடுத்துக்காட்டுகிறார். ஆனால் விளங்கிக்கொள்வது பிள்ளையின் சொந்தப் புத்தி. ஒரு குடத்திலிருந்து மறு குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுபோல் அறிவை ஊற்றமுடியாது. ஆகையால் பிள்ளையின் புத்தி தானாக அசையவேண்டும். அசைவதற்கு முதல் அடி, "இது எனக்குத் தெரியவில்லை" என்று ஒத்துக்கொள்வது. இந்த ஒரு வார்த்தையைச் சொல்லப் பிள்ளைக்கு வெட்கமோ பயமோ உண்டாக்கிவிட்டால், கல்வியின் வாசலையே அடைத்துவிட்டோம். பிறகு மனப்பாடம் நடக்கும், தேர்ச்சிகூட நடக்கலாம். அறிவு மட்டும் வெளியே நிற்கும்.

என் ஆத்தும சோதனை

இப்போது நான் ஒளித்துவைத்ததைச் சொல்லவேண்டும். சில வருஷங்களுக்கு முன் வேறொரு ஊரில், பங்கோடுகூடப் பள்ளித் தாளாளர் பொறுப்பும் எனக்கு இருந்தது. ஒருநாள் ஒரு காகிதத்தில் ஐந்து பெயர்கள் எழுதி என்னிடம் கொண்டுவந்தார்கள். ஐவரும் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள். "இவர்களை வைத்துக்கொண்டால் அடுத்த வருஷம் நம்முடைய நூறு போய்விடும், பெற்றோரிடம் சொல்லி மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளச் சொல்லலாம்" என்றார்கள்.

ஏன் ஒன்பதாம் வகுப்பு? 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு உரியது. தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்பு முடியும்வரை, பள்ளி ஒரு பிள்ளையை வெளியேற்றக்கூடாது என்கிறது. அந்தக் காவல் எட்டாம் வகுப்போடு முடிந்துபோகிறது. பத்தாம் வகுப்பில் பொதுத் தேர்வு. இடையில் இருப்பது ஒன்பதாம் வகுப்பு. வேலியில் பொத்தல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஆடு காணாமற்போகும்.

நான் கையெழுத்திட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அடுத்த வருஷம் நூறு சதவீதம் வந்தது. வாசலில் தட்டி கட்டினோம். அதன்கீழே நின்று நானும் படம் எடுத்துக்கொண்டேன்.

போன வருஷம் ஓரிடத்தில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டுவதைப் பார்க்கப் போயிருந்தேன். லாரியோடு வந்திருந்த ஆட்களில் ஒரு வாலிபன், உடம்பெல்லாம் பாறைத் தூளோடு, என்னிடம் வந்து "தோத்திரம் சாமி" என்றான். அந்த ஐவரில் ஒருவன். அப்போது நிலத்துக்காரர் எவ்வளவு ஆகும் என்று கேட்டார். அந்தக் கணக்கு சுலபமானதல்ல. குறித்த ஆழம் வரைக்கும் அடிக்கு ஒரு விலை. அதற்கு மேல் ஒவ்வொரு நூறு அடிக்கும் விலை படிப்படியாய் ஏறும். குழாய்க்குத் தனி விலை. பையன் காகிதம் எடுக்கவில்லை. இருந்த இடத்திலேயே கூட்டிச் சொல்லிவிட்டான். பத்தாம் வகுப்புக் கணக்கில் கூட்டுத்தொடர் என்று ஒரு பாடம் இருக்கிறது; அவன் செய்தது அதே கணக்கு.

"உனக்குக் கணக்கு வராது என்றல்லவா சொன்னார்கள்!" என்று என் வாய் தவறி வந்துவிட்டது.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "வராதுன்னு இல்ல சாமி. எட்டாவதுல ஒரு தடவ எந்திரிச்சு, புரியலன்னு கேட்டேன். 'உனக்கு மட்டுந்தான் புரியல, உக்காரு'ன்னுட்டாங்க. பசங்க சிரிச்சாங்க. அதுக்கப்புறம் நான் கேக்கல. கேக்காததால அடுத்ததும் புரியல" என்றான்.

பள்ளிப் பண்பாட்டைப் பற்றி நான் படித்த புத்தகங்களெல்லாம் இந்த நாலு வார்த்தைக்குள் அடங்கிவிட்டன. ஒரு சிரிப்பு, ஒரு மௌனம், பிறகு ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்து என்னுடையது. வேப்பமரத்தடியில் அந்தத் தகப்பனாருக்கு எனக்குப் பதில் வராததன் காரணம் இதுதான்.

இரண்டு ஆட்சேபங்கள்

இங்கே சிலர் ஆட்சேபிப்பார்கள். "சாமி, பயம் இல்லாவிட்டால் பிள்ளைகள் கெட்டுப்போகும். நாங்களெல்லாம் அடிவாங்கித்தானே படித்தோம்?" என்பார்கள். ஞானோபதேசத்தில் இரண்டுவிதப் பயத்தைப் பற்றிப் படித்திருக்கிறோம். அடிமைக்குரிய பயம் ஒன்று, பிள்ளைக்குரிய பயம் ஒன்று. அடிமை தண்டனைக்கு அஞ்சுகிறான். எஜமான் திரும்பினால் வேலையை விட்டுவிடுவான். பிள்ளையோ, தன்னை நேசிக்கிற தகப்பனின் மனம் நோகக்கூடாதென்று அஞ்சுகிறான். தகப்பன் இல்லாதபோதும் அந்தப் பயம் அவனைக் காக்கும். கல்வி உரிமைச் சட்டம் சரீர தண்டனையையும் மனத்தைப் புண்படுத்துவதையும் விலக்கியிருக்கிறது. ஆனால் ஒழுங்கை விலக்கவில்லை. ரட்டர் கண்ட நல்ல பள்ளிகளும் ஒழுங்கு தளர்ந்த பள்ளிகள் அல்ல.

இதற்கு ஒரு குருவானவரின் திருஷ்டாந்தம் உண்டு. இத்தாலியில் பிளாரன்ஸ் நகருக்கு வடக்கே மலைமேல் பார்பியானா என்று ஒரு குக்கிராமம். 1954-ல் லொரென்சோ மிலானி என்ற குரு அங்கே பங்குக் குருவாக அனுப்பப்பட்டார். அரசாங்கப் பள்ளியில் தேறாமல் தள்ளப்பட்ட குடியானவர் பிள்ளைகளைச் சேர்த்து அவர் ஒரு பள்ளி நடத்தினார். அது இலகுவான பள்ளி அல்ல. காலைமுதல் மாலைவரை, விடுமுறையும் இல்லாமல் நடந்தது. ஆனால் அதில் ஒரு வழக்கம் இருந்தது: ஒருவனுக்கு விளங்கவில்லையானால் அவனுக்கு விளங்கும்வரை மற்றவர்கள் காத்திருப்பார்கள், பெரிய பையன்களே சிறியவர்களுக்குக் கற்பிப்பார்கள். 1967-ல் அந்தப் பிள்ளைகளில் எட்டுப்பேர் சேர்ந்து, தங்களைத் தள்ளிவிட்ட பள்ளிகளைக் குறித்து ஓர் ஆசிரியைக்குக் கடிதமாக ஒரு புத்தகம் எழுதினார்கள். அது பல பாஷைகளில் பரவிற்று. அதே வருஷம் மிலானி குருவானவர் 44-ஆம் வயதில் மரித்தார். கண்டிப்பும் பட்சமும் ஒரே அறையில் குடியிருக்கலாம் என்பதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது. "உங்களுக்கென்ன சாமி, எங்கள் பிள்ளைக்கு மார்க்குதானே சொத்து? நிலமில்லாதவனுக்கு வேறென்ன வழி?" என்பார்கள். இது நியாயமான பேச்சு. மார்க்கை இகழ்ந்து பேச ஏழைக்கு வசதியில்லை. நானும் இகழவில்லை. ஆனால் மனப்பாடத்தால் வந்த மார்க்கு கல்லூரி வாசல்வரைக்கும் கொண்டுபோய் விடும். உள்ளே போனபின், புதிய பாடம் விளங்காதபோது, எழுந்து கேட்கத் தெரியாத பிள்ளை அங்கே மறுபடியும் கடைசி பெஞ்சில் மௌனமாய் உட்காரும். பணக்காரன் பிள்ளைக்குத் தனி ஆசிரியர் வைத்து அந்த ஓட்டையை அடைப்பான். ஏழையின் பிள்ளைக்கு வகுப்பறை ஒன்றே உண்டு. ஆகையால் கேள்வி கேட்கப் பயமில்லாத பள்ளி ஏழைக்கே முதலில் வேண்டும்.

காற்று எங்கிருந்து வருகிறது?

ஆசிரியர்களை மட்டும் குறை கூறிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. பள்ளியின் காற்றில் பாதி நம் வீடுகளிலிருந்தே போகிறது. "பக்கத்து வீட்டுப் பிள்ளை எவ்வளவு?" என்று கேட்கிற தாய், "இவன் எதுக்கும் உதவமாட்டான்" என்று விருந்தாளி முன்னே சொல்லுகிற தகப்பன், இவர்கள் அர்ச். அகுஸ்தீனைப் பார்த்துச் சிரித்த பெரியவர்களின் சந்ததிதான்.

இதைவிடக் கொடிய விஷக்காற்றும் நம் தெருக்களிலிருந்தே பள்ளிக்குள் புகுகிறது. 2023 ஆகஸ்டு மாதம் திருநெல்வேலி ஜில்லா நாங்குநேரியில், தாழ்த்தப்பட்ட குலத்தைச் சேர்ந்த ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணாக்கனை, அவனோடு படித்த பையன்களே சாதி வெறியால் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கவந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அந்தப் பையன் உயிர்பிழைத்து அடுத்த வருஷம் தேர்வில் 600-க்கு 469 வாங்கினான். நீதிபதி சந்துரு அவர்கள் இதுபோன்றவற்றைத் தடுக்க வழி ஆராய்ந்து 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். சாதியைக் காட்டும் நிறக் கயிறுகளைக் கையில் கட்டிவருவதைத் தடைசெய்யவேண்டும், பிள்ளைகளைப் பெயரின் அகரவரிசைப்படி உட்காரவைக்கவேண்டும் என்பவை அதிலுள்ள யோசனைகளில் சில. அந்தக் கயிற்றைப் பள்ளிக்கூடமா கட்டிவிடுகிறது? வீட்டில் கட்டி அனுப்புகிறோம். கிறிஸ்தவர்களாகிய நாம் இதில் குற்றமற்றவர்கள் என்று மார்தட்ட வேண்டாம். தமிழ்நாட்டில் கோவிலுக்குள்ளும் கல்லறைத் தோட்டத்திலும் பிரித்துவைத்த சரித்திரம் நமக்கும் உண்டு. பக்கத்தில் உட்காருகிறவனுக்குப் பயந்து உட்கார்ந்திருக்கிற பிள்ளை எழுந்து நின்று கேள்வி கேட்குமா?

செய்யவேண்டியது

ஆகவே அந்தத் தகப்பனாருக்கும் உங்கள் எல்லாருக்கும் என் யோசனை மூன்று.

முதலாவது, பள்ளி தேடும்போது எத்தனைபேர் தேறினார்கள் என்று மட்டும் கேளாதீர்கள். "ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனைபேர் பத்தாம் வகுப்பு எழுதினார்கள்?" என்று கேளுங்கள். படிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லுகிறவரின் முகத்தைக் கவனியுங்கள்.

இரண்டாவது, இராச்சாப்பாட்டுக்கு உட்காரும்போது, மார்க்கைக் கேட்குமுன் "இன்னிக்கு உனக்குப் புரியாதது எது?" என்று பிள்ளையைக் கேளுங்கள். உங்களுக்கு விடை தெரியாமற்போனாலும் பாதகமில்லை. "எனக்கும் தெரியலடா, நாளைக்கு டீச்சர்கிட்டக் கேட்டுட்டு வந்து எனக்கும் சொல்லு" என்று சொல்லுங்கள். தெரியாததைச் சொல்லுவது வெட்கமல்ல என்பதைப் பிள்ளை உங்களிடமிருந்தே கற்றுக்கொள்ளட்டும்.

மூன்றாவது, அரசாங்கப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று சட்டப்படி இருக்கிறது. அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்கவேண்டும். கூட்டம் நடக்கும் நாளில் ஒரு நேரக் கூலி போனாலும் போய் உட்காருங்கள். எந்தப் பிள்ளை வராமல் நின்றுவிட்டது, ஏன் நின்றது என்று கேளுங்கள். உங்கள் பிள்ளைக்காக மாத்திரமல்ல, கேட்க ஆளில்லாத பிள்ளைக்காகவும் கேளுங்கள்.

என் பங்குக்கு நானும் ஒன்று செய்ய நினைத்திருக்கிறேன். வரும் திங்கட்கிழமை தொடங்கி மாலை ஆறு மணிமுதல் எட்டுமணிவரை கோவில் மண்டபம் திறந்திருக்கும். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் நால்வர் உதவிக்கு வர இசைந்திருக்கிறார்கள். எந்த மதத்துப் பிள்ளையும் எந்தத் தெருப் பிள்ளையும் வரலாம். அங்கே ஒரே சட்டம்: புரியவில்லை என்று சொல்லுகிறவனைப் பார்த்து யாரும் சிரிக்கக்கூடாது.

பட்டறை உவமை ஓர் இடத்தில் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பட்டறையில் அழுகினதைப் பொறுக்கி எறிந்துவிட்டு மீதியைக் காப்பாற்றுகிறோம். வெங்காயத்துக்கு அது சரி. பிள்ளைகளுக்கு அது ஆகாது. சேசுநாதர் சொன்ன மேய்ப்பனிடத்தில் தொண்ணூற்றொன்பது ஆடுகள் பத்திரமாய் இருந்தன. இக்காலக் கணக்குப்படி 99 சதவீதம். எந்த ஜில்லாவும் அதற்குத் தட்டி கட்டும். அவர் தட்டி கட்டவில்லை. நூறாவதைத் தேடிப் புறப்பட்டார்.

நான் வெளியே அனுப்பிய ஐவரில் ஒருவனைத்தான் கண்டேன். மற்ற நால்வரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள். ஆண்டவர் உங்கள் பிள்ளைகளை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு